சேவல் கொடியில் இருப்பது யார்?

ஓம் சரவணபவ.

வழக்கமா இங்கே கோயில் வரலாறு, விரதமுறை, பதிக மகிமைன்னு படிப்பீங்க. இன்னைக்கு எழுதப்போறது கொஞ்சம் வேற. பரிகாரம் எதுவும் சொல்லப்போறதில்லை. ஆனா 13 வயசுலேர்ந்து 20 வயசுக்குள்ள ஒரு தம்பி உங்க வீட்டிலயோ, தெருவிலயோ, நம்ம வாட்ஸ்அப் குரூப்லயோ இருந்தா, தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

திருச்செந்தூர் கடற்கரையில சூரசம்ஹாரம் பார்த்திருப்பீங்க. நேர்ல போக முடியாதவங்க டிவியிலயாவது பார்த்திருப்பீங்க. முதல்ல யானை முகத்தோட தாரகாசுரன் வருவான். அடுத்து சிங்கமுகன். அப்புறம் சூரபத்மன் தன் சொந்த முகத்தோடயே வருவான். ஒவ்வொரு தலை விழும்போதும் "அரோகரா" சத்தத்துல கடல் சத்தமே கேட்காது. கடைசியில மாமரமா நிற்கிற சூரனை வேல் ரெண்டா பிளக்கும். ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். மயில் அப்பனுக்கு வாகனம் ஆச்சு, சேவல் கொடி ஆச்சு.

பாட்டி மடியில உட்கார்ந்து கேட்ட கதைதான். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போர்ல ஜெயிச்சவன் தோத்தவனோட தலையைக் கோட்டை வாசல்ல தொங்க விடுவான்னுதான் மத்த கதைகள்ல கேட்டிருக்கோம். நம்ம முருகன் தோத்தவனைத் தன் கொடியில ஏத்தித் தனக்கு மேல பறக்க விடுறான். நாம சேவற்கொடியைக் கும்பிடும்போது அந்தச் சூரனையும் சேர்த்துத்தான் கும்பிடுறோம். இது ஏன்ங்கிற கேள்வி எனக்கு ரொம்ப நாளா இருந்தது. திருச்செந்தூர்லேர்ந்து ரொம்ப தூரம் இல்லாத ஊர்கள்ல நடந்த சில விஷயங்களைப் படிச்சப்போ அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாச்சு.

மூணு சம்பவம்

2022 ஏப்ரல். நெல்லை மாவட்டம் பாப்பாக்குடி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப்பள்ளி. கையில கட்டியிருந்த கயிறு சம்பந்தமா மாணவர்களுக்குள்ள தகராறு. தாக்கப்பட்ட 17 வயசு பிளஸ் டூ மாணவன் இறந்துபோனான்.

2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. பிளஸ் டூ படிக்கிற ஒரு பட்டியலினப் பையன். கூடப் படிக்கிற சிலர் சாதி சொல்லித் தொடர்ந்து தொந்தரவு பண்ணினதால பள்ளிக்கூடம் போகாம இருந்தான். பள்ளியில காரணம் கேட்டாங்க, அவன் நடந்ததைச் சொன்னான். அன்னைக்கு ராத்திரியே வீடு புகுந்து அவனை அரிவாளால வெட்டினாங்க. வெட்டினதும் பள்ளிக்கூடப் பசங்கதான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

2025 ஏப்ரல். பாளையங்கோட்டை. இந்தத் தடவை எட்டாம் வகுப்பு. புத்தகப் பையில அரிவாள் கொண்டு வந்த ஒரு பையன், வகுப்பறையிலேயே சக மாணவனை வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம்.

எட்டாம் வகுப்புன்னா என்ன வயசு? 13. கந்த சஷ்டிக்குக் குட்டி வேல் கையில கொடுத்து, திருநீறு பூசி, முருகன் வேஷம் போட்டு நாம போட்டோ எடுக்கிற குழந்தைகளை விட சில வயசுதான் அதிகம்.

அப்போ குற்றம் யாரோடது?

இப்படி ஒரு செய்தி வந்தவுடனே நம்ம குரூப்கள்ல ரெண்டு விதமா பதில் வரும். ஒண்ணு, "இவனுங்களைச் சும்மா விடக்கூடாது, பெரியவன் மாதிரியே தண்டிக்கணும்." இன்னொண்ணு, "சின்னப் பசங்க, அவங்களுக்கு என்ன தெரியும், சினிமாவும் செல்போனும்தான் கெடுத்துடுச்சு." முதல் பதில்ல எல்லாத் தப்பும் அந்தப் பையன் தலையில. ரெண்டாவது பதில்ல அவன் தலையில எதுவுமே இல்லை.

ரெண்டு பதில்லயும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. எதைச் சொன்னாலும் சொல்றவங்களுக்கு அதுக்கப்புறம் ஒரு வேலையும் இல்லை. போலீஸ் பார்த்துக்கும், இல்லன்னா சினிமாக்காரங்க திருந்தணும். நாம அடுத்த மெசேஜுக்குப் போயிடலாம்.

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறேன். எங்க வேலையில பெரிய கோளாறு ஒண்ணு நடந்து சர்வர் விழுந்துட்டா, முதல்ல சரி பண்ணுவோம். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து, இது எப்படி நடந்ததுன்னு ஒவ்வொரு படியா பின்னாடி போவோம். தப்பான கோடை எழுதினவர் பொறுப்பில்லைன்னு யாரும் சொல்லமாட்டாங்க. அதே நேரம், அந்தக் கோடு இத்தனை பேர் கண்ணைத் தாண்டி எப்படிப் போச்சுன்னு கேட்காம விட்டா, அடுத்த மாசம் வேற ஒருத்தர் கையால அதே கோளாறு வரும். காரணம் கேட்கிறதும் மன்னிப்புக் கொடுக்கிறதும் ஒண்ணு இல்லை. மனுஷன் விஷயத்துல இது இன்னும் கனமான உண்மை, ஏன்னா இங்கே விழுறது சர்வர் இல்லை, உயிர்.

சட்டமும் இதைத்தான் செய்யுது. 2015-ல வந்த சிறார் நீதிச் சட்டப்படி, 16 முதல் 18 வயசுக்குள்ள இருக்கிற ஒருத்தன் மிகக் கொடிய குற்றம் செஞ்சதா வழக்கு வந்தா, அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமான்னு இளைஞர் நீதிக் குழுமம் முதல்ல பரிசீலிக்கும். அந்தக் குற்றத்தைச் செய்யுற மனத்திறனும் உடல்திறனும் இருந்ததா, விளைவு புரிஞ்சதா, எந்தச் சூழ்நிலையில செஞ்சான்னு பார்க்கும். அவன் பொறுப்பையும் சூழ்நிலையையும் சட்டம் சேர்த்தே எடை போடுது. நாமதான் ஒண்ணை எடுத்தா இன்னொண்ணை விட்டுடுறோம்.

கோபமா, கூட்டமா?

பசங்க ஏன் அடிச்சுக்கிறாங்கன்னு கேட்டா "அந்த வயசுல கோபம் ஜாஸ்தி"ன்னு சொல்லிடுவோம். கோபம் எல்லா வயசுலயும்தான் இருக்கு. 45 வயசுல மேனேஜர் மேல வர்ற கோபம் கொஞ்சமா என்ன? ஆனா 16 வயசுல வேற ஒண்ணு நடக்குது.

2005-ல அமெரிக்காவுல டெம்பிள் பல்கலைக்கழகத்துல மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை வெச்சாங்க. மொத்தம் 306 பேர். 13 முதல் 16 வயசு ஒரு பிரிவு, 18 முதல் 22 இன்னொரு பிரிவு, 24-ம் அதுக்கு மேலயும் மூணாவது பிரிவு. விளையாடக் கொடுத்தது கம்ப்யூட்டர்ல ஒரு கார் கேம். மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பாகிறதுக்குள்ள நிறுத்தணும். அதிக தூரம் ஓட்டினா அதிக பாயிண்ட், ஆனா தாமதிச்சா கார் மோதிடும். பாதிப் பேரைத் தனியா ஆட விட்டாங்க, மீதிப் பேரை அவங்க நண்பர்கள் பக்கத்துல இருக்கும்போது ஆட விட்டாங்க. நண்பர்கள் இருந்தப்போ அந்த 13-16 வயசுக்காரங்க எடுத்த ரிஸ்க் ரொம்பக் கூடிடுச்சு. நடுவயசுப் பிரிவுக்கும் கூடுச்சு, ஆனா அவ்வளவு இல்லை. 24 தாண்டினவங்களுக்குப் பெரிய மாற்றமே இல்லை.

காரும் அதேதான், விளக்கும் அதேதான். பார்க்கிறதுக்கு ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டுல பசங்க சண்டையைக் கவனிங்க. ரெண்டு பேருக்கு நடுவுல நடக்கிற மாதிரித் தெரியும். சுத்தி நிற்கிற பத்து பேரை எடுத்துட்டுப் பாருங்க, அந்தச் சண்டையில பாதி நடக்காது. "என்னடா அவன் அப்படிச் சொல்லிட்டான், நீ சும்மா வர்ற?" "ஆம்பளையா நீ?" இந்த ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பல பசங்க கையை ஓங்குறாங்க. எதிர்ல நிற்கிறவன் மேல இருக்கிற வெறுப்பை விட, பின்னாடி நிற்கிறவங்க முன்னாடி அவமானப்பட்டுடுவோமோங்கிற பயம்தான் பெருசு. சென்னையில பஸ் ரூட்டுக்கு "ரூட்டு தல"ன்னு பட்டம் கட்டிக்கிட்டு ரயில்வே ஸ்டேஷன்ல கத்தியோட மோதிக்கிற கல்லூரிப் பசங்களுக்கு நடுவுல என்ன நிலத்தகராறா இருக்கு? கூட்டமும் பேரும்தான்.

நாங்குநேரியில அந்தப் பயத்துக்கு மேல இன்னொண்ணு சேர்ந்திருந்தது, சாதி. "உனக்குக் கீழ இருக்கிறவன் உன்னைப் பத்திப் புகார் சொன்னா அது உனக்கு அவமானம்"னு எந்தப் பையனும் பிறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டு வர்றதில்லை. சாப்பாட்டு மேசையில, கொடை விழா பேனர்ல, மாமா வெச்ச ஸ்டேட்டஸ்ல, ரிங்டோன்ல அவன் அதைக் கத்துக்கிறான். பெரியவங்க வாயால வெட்டுறாங்க, பையன் கையால வெட்டுறான். ஜெயிலுக்குப் போறது பையன் மட்டும்.

வீட்டுக்குள்ளயும் பார்க்கணும். அப்பா அம்மாவை அடிக்கிறதைப் பார்த்து வளர்ற பையன், பேச்சு தோத்தா கைதான் அடுத்த வழின்னு ஒரு பாடத்தை டியூஷன் இல்லாமலே படிச்சுடுறான். அவனையும் அடிச்சுத்தான் திருத்துறோம். அடிச்சா மரியாதை கிடைக்கும்னு நாமதான் அவனுக்கு நிரூபிச்சுக் காட்டுறோம்.

கயிறும் திருநீறும்

நாங்குநேரி சம்பவத்துக்கு அப்புறம் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு அமைச்சது. 2024 ஜூன்ல அறிக்கை வந்தது. பள்ளிப் பேர்கள்ல சாதி இருக்கக்கூடாது, சாதியைக் காட்டுற வண்ணக் கயிறு, மோதிரம் கூடாது, சைக்கிள்ல சாதி அடையாளம் வரையக்கூடாதுன்னு பல பரிந்துரைகள். நெற்றியில திலகம் மாதிரியான அடையாளங்களும் வேண்டாம்னு அதுல இருந்தது. அதுக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது.

படிச்சப்போ எனக்கும் சுருக்னு இருந்தது. தினமும் திருநீறு பூசாம ஆபீஸ் கிளம்பாதவன் நான். திருநீறு ஒரு குழந்தையை வன்முறைக்குத் தூண்டும்னு என்னால ஏத்துக்க முடியாது. ஆனா கோபத்தைத் தள்ளி வெச்சுட்டு யோசிச்சா, வேற ஒரு கேள்வி வருது. சாமி பேரால கட்டுற ஒரு கயிறு, பொது வாழ்க்கையில இத்தனை வருஷம் இருந்த ஒரு நீதிபதி கண்ணுக்குக் கத்தியோட முன்னோட்டம் மாதிரி தெரியுற நிலைமைக்கு அதைக் கொண்டு வந்தது யாரு?

கயிறு காப்புக்குக் கட்டுறது. அதோட நிறத்தைப் பார்த்து "இவன் நம்மாளு, அவன் இல்லை"ன்னு பிரிக்க ஆரம்பிச்ச அன்னைக்கே அது காப்பு இல்லாம போச்சு. செந்தூர்ல பன்னீர் இலையில வெச்சுக் கொடுக்கிற திருநீறு என்ன சொல்லுது? நீயா இருந்தாலும் நானா இருந்தாலும் கடைசியில இந்தச் சாம்பல்தான்னு சொல்லுது. அதைப் பூசிக்கிட்டு ஒருத்தன் "நான் மேல, நீ கீழ"ன்னு சொன்னா, அவன் நெத்தியே அவனுக்கு எதிரா சாட்சி சொல்லும். தடை வேணுமா வேண்டாமாங்கிறதை அரசு முடிவு பண்ணட்டும். தடை போடுற அவசியமே வராம பார்த்துக்கிறது அடியார்கள் வேலை.

சாதிப் பெருமை பேசிக்கிட்டே முருகன் போட்டோவை டிபியா வைக்கிற தம்பிகளுக்கு வள்ளி கல்யாணத்தை ஞாபகப்படுத்தணும். தேவசேனாபதி, சிவனோட மகன், தினைப்புனம் காத்த வேடர் குலத்துப் பெண்ணைத் தேடிப் போய்க் கிழவனா வேஷம் போட்டுக் கெஞ்சுறான். வள்ளியைக் கூட்டிட்டுப் போறான்னு தெரிஞ்சு நம்பிராஜன் ஆட்களோட வில் எடுத்துத் துரத்துறார். இன்னைக்கு நாம செய்தியில படிக்கிற அதே காட்சிதான். கந்தபுராணத்துல சேவல் கூவினதும் அந்த வேடர்கள் விழுந்துடுறாங்க. கதை அங்கே முடிஞ்சிருக்கலாம். முடியலை. விழுந்தவங்க எல்லாரும் திரும்ப எழுந்திருக்கிறாங்க, அதுக்கப்புறம்தான் கல்யாணம். மாமனார் வீட்டைப் பிணமாக்கிட்டுத் தாலி கட்ட நம்ம முருகனுக்கு மனசு வரலை.

வேல் வேற, அரிவாள் வேற

இதை இந்தப் பக்கத்துல எழுதக் காரணம் ஒண்ணு இருக்கு. சமீப காலமா வர்ற சில ரீல்ஸ் பாருங்க. முருகன் படம், பின்னாடி அதிர்ற பிஜிஎம், நடுவுல அரிவாளைச் சுழட்டுற ஒரு சினிமா ஷாட், மேல "வெற்றிவேல் வீரவேல்." லைக் குவியுது. அந்த லைக் போடுறது நாமதான். அந்த கார் கேம்ல பக்கத்துல உட்கார்ந்திருந்த நண்பர்கள் மாதிரி, இன்னைக்கு ஒரு 15 வயசுப் பையனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற கூட்டம் நாம. அவன் போன்ல இருக்கிறோம்ங்கிறதால கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

வேல் அம்மா கொடுத்தது. பெரியவங்க அதை ஞானவேல்னு சொல்றாங்க. அந்த வேல் கையில வந்த பிறகும் முருகன் நேரா சூரபத்மன் மேல போருக்குப் போகலை. வீரபாகுவைத் தூது அனுப்பினான். "சிறையில இருக்கிற தேவர்களை விட்டுடு, போர் வேண்டாம்"னு சொல்ல வெச்சான். ஜெயிக்கப்போறது நாமதான்னு தெரிஞ்சவன் அனுப்பின தூது அது. தோல்வி பயத்துல அனுப்பினது இல்லை. நம்ம பசங்களுக்கு நாம இதைச் சொல்லிக் கொடுத்திருக்கோமா? கேட்டுப் பார்க்கிறது கோழைத்தனம்னுதானே சொல்லிக் கொடுத்து வெச்சிருக்கோம்?

அமெரிக்காவுல சிகாகோ நகரத்துல "பிகமிங் எ மேன்"னு பள்ளிப் பசங்களுக்கு ஒரு பயிற்சி நடக்குது. துப்பாக்கியும் கும்பல் சண்டையும் மலிஞ்ச பகுதிகள். முதல் நாள் ஒரு விளையாட்டு. ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஒருத்தன் கையில ஒரு பந்தைக் கொடுத்துடுவாங்க. இன்னொருத்தன்கிட்ட, "30 விநாடி டைம், அந்தப் பந்தை வாங்கு"ன்னு சொல்லுவாங்க. உடனே பிடுங்கல், முறுக்கல், தரையில உருளல். முடிஞ்சதும் பயிற்சியாளர் கேட்பார், "யாராவது அவன்கிட்ட பந்தைக் கொடுன்னு கேட்டீங்களா?" அநேகமா யாருமே கேட்டிருக்கமாட்டாங்க. கேட்டா என்னைப் பலவீனமா நினைப்பான்னு சொல்லுவாங்க. பந்து வெச்சிருந்தவன்கிட்ட கேட்டா, "கேட்டிருந்தா கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே"ம்பான்.

பெரிய உபதேசம் எதுவும் கிடையாது. கை போறதுக்கு முன்னாடி ஒரு நொடி நின்னு, "நான் நினைக்கிறது சரிதானா"ன்னு பார்க்கிற பழக்கம். ஆராய்ச்சியாளர்கள் குலுக்கல் முறையில பசங்களைப் பிரிச்சு, பயிற்சி கிடைச்சவங்களையும் கிடைக்காதவங்களையும் ஒப்பிட்டு 2017-ல வெளியிட்டாங்க. பயிற்சி நடந்த காலத்துல வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாகுறது 45 முதல் 50 சதவீதம் குறைஞ்சிருந்தது. அந்தப் பசங்களோட தெருவும் மாறலை, வீட்டு வறுமையும் மாறலை. அந்த ஒரு நொடி கிடைச்சது. வீரபாகு தூது போன அந்த இடைவெளி மாதிரின்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

குருசாமி செஞ்சது

இதுக்குச் சிகாகோ வரைக்கும் போகணும்னு அவசியம் இல்லை. ஒரு வருஷம் திருநெல்வேலியிலேர்ந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனப்போ நடந்ததைச் சொல்றேன். எங்க குழுவுல பச்சை வேட்டி கட்டின பசங்க ஏழெட்டுப் பேர். முன்னாடி வேல் பிடிச்சுட்டுப் போறது யாருங்கிறதுல ரெண்டு பேருக்கு வாக்குவாதம். ஒருத்தன் இன்னொருத்தனோட அப்பாவைப் பத்தி ஏதோ சொல்லிட்டான். நிமிஷத்துல சுத்தி வட்டம் கட்டிட்டாங்க. ரெண்டு பேர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

எங்க குருசாமிக்கு அறுபது வயசுக்கு மேல. அவர் கத்தலை. யார் பக்கம் நியாயம்னும் கேட்கலை. "சாமி, டெம்போல தண்ணி கேன் இறக்கணும், என்கூட வாங்க"ன்னு ஒருத்தன் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டுப் போனார். போற போக்குல மத்தவங்ககிட்ட, "போனை உள்ள வெச்சுட்டுப் பாட்டு ஆரம்பிங்க சாமி"ன்னார். இன்னொருத்தனை, பின்னாடி கால் வலியோட நடந்து வந்த ஒரு பாட்டிக்குத் துணையா நடக்கச் சொன்னார். கொஞ்ச தூரம் கழிச்சு ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா பேசினார். அந்த ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்கன்னு சொல்லமாட்டேன். ஊர் வந்து சேர்ற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசலை. ஆனா ஒரு அடி விழலை.

அப்புறம் அவர்கிட்ட கேட்டேன். "கூட்டத்துல வெச்சுத் திட்டினா அவன் கூட்டத்துக்குப் பதில் சொல்லணும் தம்பி. தனியா கேட்டா எனக்கு மட்டும் சொன்னா போதும்"னார்.

அவர் 2005 ஆராய்ச்சியைப் படிச்சவர் இல்லை. ஆனா பார்க்கிற கண்களை விலக்கினார். தோத்த மாதிரித் தெரியாம இறங்கி வர ஒரு படி போட்டுக் கொடுத்தார். ரெண்டு பேருக்கும் மரியாதையான ஒரு வேலை கொடுத்தார். தண்ணி கேன் தூக்கினவனும் பாட்டியைக் கூட்டி வந்தவனும் அன்னைக்குக் குழுவுக்கு உபயோகமானவங்களாத்தான் தெரிஞ்சாங்க.

சேவல் கொடியில ஏன் சூரன் இருக்கான்னு கேட்டேனே, எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். பகை முடியணும்னா பகைவனுக்கு ஒரு இடம் வேணும். இடமே இல்லாதவன் திரும்பத் திரும்ப வருவான், யானைத் தலை போனா சிங்கத் தலையோட.

ஆனா வரிசை முக்கியம். முருகன் முதல்ல கேட்டது சிறைப்பட்டவங்க விடுதலையை. பாதிக்கப்பட்டவனுக்குப் பாதுகாப்பு, அப்புறம் சட்டப்படி நியாயம், அதுக்கப்புறம்தான் தப்பு செஞ்சவனைத் திருப்பி எடுக்கிற பேச்சு. வெட்டுப்பட்ட பையன்கிட்ட போய் "மன்னிச்சுடு தம்பி"ன்னு சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. அது அவன் கொடுத்தா கொடுக்கிறது.

நாம என்ன செய்யலாம்?

ஒண்ணு. பார்வையாளரா இருக்கிறதை நிறுத்துங்க. சண்டை வீடியோவைப் பார்க்காதீங்க, அனுப்பாதீங்க. அரிவாளோட வர்ற முருகன் ரீல்ஸுக்கு லைக் போடாதீங்க. குரூப்ல ஒரு தம்பி அப்படிப் போட்டா எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தாம தனியா மெசேஜ் பண்ணுங்க. குருசாமி சொன்ன அதே காரணம்தான்.

ரெண்டு. "அவனை முடிக்கிறேன் பாரு"ன்னு ஒருத்தன் சொன்னா விளையாட்டுன்னு விட்டுடாதீங்க. அவன்கூட இருங்க, டீ வாங்கிக் கொடுங்க, என்ன நடந்ததுன்னு கேளுங்க. கத்தி வரைக்கும் பேச்சு போச்சுன்னா பெரியவங்ககிட்ட உடனே சொல்லுங்க. 18 வயசுக்குக் கீழ இருக்கிற யாருக்கும் ஆபத்துன்னா 1098 எண்ணைக் கூப்பிடலாம். இது காட்டிக் கொடுக்கிறது இல்லை. ஒரே நேரத்துல ரெண்டு பசங்களைக் காப்பாத்துறது.

மூணு. யாராவது வந்து "என்னைத் தொந்தரவு பண்றாங்க"ன்னு சொன்னா, புகாரை வாங்கிட்டு அவனை அப்படியே வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. நாங்குநேரிப் பையன் சொன்னான். சொன்ன அன்னைக்கு ராத்திரிதான் வெட்டு விழுந்தது. "தைரியமா சொல்லு"ன்னு நாம சொல்றதா இருந்தா, சொன்ன பிறகு அவன் பக்கத்துல நிற்கவும் நாம தயாரா இருக்கணும்.

நாலு. நம்ம மன்றங்கள்ல பசங்களுக்குப் பொறுப்பு கொடுங்க. அன்னதானக் கணக்கு, மருத்துவ முகாம், கூட்டத்துல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறதுன்னு எவ்வளவோ இருக்கு. "நீ முக்கியமானவன்"னு நாம சொல்லலைன்னா, சாதிக் கும்பலோ ரூட்டு தலையோ கண்டிப்பா சொல்லும்.

ஒருத்தன் கோபத்துலேர்ந்து இறங்கி வந்தா அவனைக் கிண்டல் பண்ணாதீங்க. செந்தூர்ல சம்ஹாரம் முடிஞ்ச பிறகு என்ன நடக்குதுன்னு பலர் பார்க்கிறதில்லை, கூட்டம் கலைஞ்சுடும். சுவாமிக்கு எதிர்ல கண்ணாடி வெச்சு, அதுல தெரியுற பிம்பத்துக்கு அபிஷேகம் நடக்கும். சாயாபிஷேகம்னு பேர். போர் முடிச்சு வந்த ஜெயந்திநாதரையே குளிர வைக்கிறோம். 16 வயசுப் பையனுக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டாமா?

கடைசியா வீரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. நாங்குநேரியில அரிவாளோட போனவங்க பல பேர். அவங்களுக்கு எதிர்ல வெறும் கையோட அண்ணனுக்குக் குறுக்க வந்து நின்னது ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு. பாளையங்கோட்டையில அரிவாளுக்குக் குறுக்க போனது ஒரு ஆசிரியை. வெட்டுப்பட்டுப் பல நாள் ஆஸ்பத்திரியில கிடந்த அந்தப் பையன், 2024 பிளஸ் டூ தேர்வுல 600-க்கு 469 எடுத்தான். "வீரவேல்"னு நாம கத்துறபோது இவங்க மூணு பேர் முகமும் மனசுல வரணும். நம்ம தம்பிகளுக்கும் வீரம்னா யாருன்னு இவங்களைத்தான் காட்டணும்.

இதைப் படிச்சுட்டு ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிக்கு இன்னைக்கு ஒரு போன் போடுங்க. அறிவுரை வேண்டாம். "சாப்டியாடா? எப்படி இருக்க?"ன்னு கேளுங்க. அவன் பேசினா கேட்டுக்கோங்க.

செந்திலாண்டவன் எல்லாப் பிள்ளைகளுக்கும் துணை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!